பட்டறைக்கு ஏர் டிரையர் மாட்டுவது: டேங்குக்கு முன்னாலா, பின்னாலா? கரண்ட் எங்கிருந்து எடுப்பது?

கேள்வி கேட்ட நண்பர் கோவை கணபதி பக்கம், உலோகப் பாகங்களில் பவுடர் பெயிண்ட் அடித்து ஓவனில் சுடும் பவுடர் கோட்டிங் பட்டறை நடத்துகிறார். 20 எச்பி ஸ்க்ரூ கம்ப்ரசர், 500 லிட்டர் ஏர் டேங்க். ஆடிக் காற்று கிளம்பியதிலிருந்து பவுடர் அடிக்கும் கன்னில் தண்ணீர் தெறிக்கிறது, ஓவனிலிருந்து வெளியே வரும் பாகங்களில் புள்ளி புள்ளியாகக் கொப்புளம். அதனால் 100 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 100 கன அடி காற்று) ரெஃப்ரிஜரேட்டட் டிரையர், அதாவது காற்றைக் குளிர வைத்து ஈரத்தைப் பிரிக்கும் கருவி ஒன்று வாங்கி இறக்கிவிட்டார். டேங்குக்கு முன்னால் மாட்டுவதா, பின்னால் மாட்டுவதா என்பது அவருடைய முதல் கேள்வி. கம்ப்ரசர் பேனலிலிருந்தே கரண்ட் இழுத்துக்கொள்ளலாம் என்கிறார் ஒயர்மேன், சரிதானா என்பது இரண்டாவது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் அடியில் ஒரு பயம் தெரிகிறது: இவ்வளவு பணம் போட்டு மாட்டிய பிறகும் தண்ணீர் வந்தால்? நியாயமான பயம்தான். டிரையர் மாட்டியும் தண்ணீர் நிற்காத பட்டறைகளுக்குத்தான் என்னை அதிகமாகக் கூப்பிடுகிறார்கள். ஸ்பின்னிங் மில் ஒன்றில் பதினோரு வருடம் யுடிலிட்டி பிரிவில் இருந்தேன். அதன் பிறகு கோவை, திருப்பூர், பெருந்துறை சுற்று வட்டாரத்தில் கம்ப்ரசர், டிரையர் சர்வீஸ் மட்டுமே என் தொழில்.

முதலில் எவ்வளவு தண்ணீர் என்று தெரிய வேண்டும். 20 எச்பி ஸ்க்ரூ கம்ப்ரசர் 7 பாரில் ஏறக்குறைய 85 சிஎஃப்எம் காற்று தரும். மணிக்கு 144 கன மீட்டர். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று நமக்கு மழையைக் கொஞ்சமாகத்தான் கொடுக்கும், ஈரத்தைத் தாராளமாகக் கொண்டுவரும். 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கன மீட்டர் காற்றில் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. அப்படியானால் உங்கள் கம்ப்ரசர் ஒரு மணி நேரத்தில் மூன்றரை லிட்டர் தண்ணீரை உள்ளே இழுக்கிறது. எட்டு மணி நேர ஷிப்டுக்கு 28 லிட்டர், கிட்டத்தட்ட இரண்டு குடம். கம்ப்ரசர் அந்தக் காற்றை எட்டில் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்குகிறது. அமுக்கிய காற்று ஆறும்போது அத்தனை ஆவியையும் அதனால் தாங்க முடியாது, மிச்சம் தண்ணீராக இறங்குகிறது. டேங்கை விட்டுக் காற்று 42 டிகிரியில் கிளம்பினால், அந்த மூன்றரை லிட்டரில் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் அதற்குள் விழுந்திருக்கும். மீதி ஒரு லிட்டர்தான் டிரையருக்குப் போகும் பங்கு. டிரையர் காற்றை 3 டிகிரிக்குக் குளிர வைத்து, நூறு கிராம் அளவுக்கு ஆவியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பிரித்துவிடும். நம் ஊரில் எந்தப் பைப்பும் 3 டிகிரிக்குக் குளிராது. அதனால் அந்த நூறு கிராம் கடைசி வரை ஆவியாகவே வெளியேறிவிடும், கன்னில் சொட்டாது. பவுடர் கோட்டிங்குக்கு இந்த அளவு உலர்வு போதும். ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிரப்பிய டெசிகன்ட் டிரையர் வாங்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் காசை இறக்க வேண்டாம்.

இந்தக் கணக்கிலேயே முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. டேங்க் முன்னால், டிரையர் பின்னால். ஆஃப்டர்கூலரும் (கம்ப்ரசர் அமுக்கிய சூட்டுக் காற்றை ஆற்றும் பாகம்) டேங்கும் சும்மாவே பிரித்துக் கொடுக்கும் இரண்டரை லிட்டரை, கரண்ட் செலவழித்து டிரையரை விட்டு எடுக்கச் சொல்வது வீண். டேங்குக்குள் காற்று கொஞ்சம் நின்று சூடும் இறக்கிக்கொள்ளும். வரிசை இப்படி இருக்கட்டும்: கம்ப்ரசர், டேங்க், சாதாரண ஃபில்டர், டிரையர், அதற்குப் பிறகு எண்ணெய்த் துகளைப் பிடிக்கும் 0.01 மைக்ரான் ஃபில்டர், அப்புறம் லைன். நுண் ஃபில்டரை டிரையருக்கு முன்னால் போடாதீர்கள். தண்ணீர் குடித்து அடைத்துக்கொண்டு, அங்கேயே அரை பார் பிரஷரைத் தின்றுவிடும்.

டேங்கைப் பின்னால் வைக்க வேண்டும் என்று சொல்கிறவர்களும் இந்தத் தொழிலில் உண்டு. அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. மணலைக் காற்றோடு அடித்துத் துரு நீக்கும் பிளாஸ்டிங் மாதிரி ஒரே மூச்சில் காற்றை அள்ளும் வேலை என்றால், முன்னால் இருக்கும் டேங்கிலிருந்து ஒரு நிமிடத்துக்கு 150 சிஎஃப்எம் பாயும். டிரையர் அதைத் தாங்காமல் ஈரக் காற்றையே விட்டுவிடும். அந்த இடத்தில் உலர்ந்த காற்றைச் சேர்த்து வைக்க டிரையருக்குப் பின்னால் ஒரு டேங்க் வேண்டும். கன் வேலையில் காற்று சீராகத்தான் போகும். ஒரே டேங்க் இருக்கிற உங்களுக்கு முன்னால் வைப்பதே சரி. பிற்பாடு பிளாஸ்டிங் வேலையும் சேர்த்தால் சின்ன டேங்க் ஒன்றை டிரையருக்கு அப்புறம் போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, எனக்கு அதில்தான் கவலை. டிரையரில் எழுதியிருக்கும் 100 சிஎஃப்எம் எந்தச் சூட்டில்? பல கம்பெனி அட்டவணைகளில் அந்த எண் உள்ளே வரும் காற்று 35 டிகிரி, சுற்றி இருக்கும் காற்று 25 டிகிரி, பிரஷர் 7 பார் என்ற கணக்கில் வந்தது. 25 டிகிரி ஷெட் கோவையில் மார்கழி விடியற்காலையில் கிடைக்கலாம், ஏப்ரலில் ஏது? ஸ்க்ரூ கம்ப்ரசர் வெளியே விடும் காற்று, அறைச் சூட்டை விட எட்டுப் பத்து டிகிரி கூடுதலாக இருக்கும். உள்ளே வரும் காற்று 45 டிகிரி ஆனால் டிரையரின் திறன் ஏறக்குறைய 0.68 பங்காகிறது. சுற்றுச் சூடு 40 ஆனால் அதிலும் 0.8 பங்கு. பெருக்கிப் பாருங்கள், 100 சிஎஃப்எம் டிரையர் 54 சிஎஃப்எம் டிரையர் ஆகிவிட்டது. உங்களிடம் ஓடுவது 85. இந்தப் பங்குகள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். சில நிறுவனங்கள் 38 டிகிரியிலோ 45 டிகிரியிலோ கணக்குப் போட்டே எண்ணை எழுதுவார்கள். உங்கள் டிரையரோடு வந்த புத்தகத்தில் அந்த அட்டவணை பெரும்பாலும் இருக்கும், அதைப் பார்த்துவிட்டே மேலே போங்கள். 35க்கு 25 என்று போட்டிருந்தால் ஆடி, ஆவணியில் ஒப்பேறும், சித்திரை வெயிலில் திணறும்.

மாற்றிக் கொடுக்க மாட்டார்கள் என்றால் உள்ளே போகும் காற்றைக் குளிர்விப்பதுதான் வழி. பத்து டிகிரி கூடினால் காற்று சுமக்கும் தண்ணீர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிறது. அதனால் ஐந்து டிகிரி இறக்கினாலும் பெரிய லாபம். கம்ப்ரசரின் ஆஃப்டர்கூலரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கம்ப்ரசர் கக்கும் சூட்டுக் காற்றை தகர டக்ட் வைத்து ஷெட்டுக்கு வெளியே தள்ளுங்கள். டேங்க் வெயிலில் நின்றால் மேலே ஒரு கூரை போடுங்கள். பெருந்துறையில் ஒரு பட்டறையில் டிரையரே மாற்ற வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். டக்ட் மட்டும் போட்டுவிட்டு இன்லெட் பைப்பில் அளந்தேன், 51 டிகிரி இருந்தது 43க்கு வந்தது. பழைய டிரையரே இன்னும் ஓடுகிறது.

பவுடர் கோட்டிங் பட்டறைக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு, டிரையர் விற்கிறவர்கள் அதை யாரும் சொல்வதில்லை. பவுடர் அடிப்பதற்கு முன்னால் பாகங்களைக் கழுவும் தொட்டி வரிசையான செவன் டேங்க் பக்கத்தில் டிரையரை வைக்கவே கூடாது. அதில் துரு நீக்கும் பிக்ளிங் தொட்டியின் ஆசிட் ஆவி, டிரையருக்குள் இருக்கும் செம்புக் குழாயையும் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் தகட்டையும் மெல்ல மெல்ல அரிக்கும். குளிர்விக்கும் கேஸ் கசிந்துபோன ஒரு டிரையரின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன், செம்பு முழுக்கப் பச்சை பூத்துக் கிடந்தது, குழாய் வளைவில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை. வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பவுடர் அடிக்கும் பூத் பக்கமும் வேண்டாம், பறக்கும் பவுடர் கண்டென்சரில் அப்பிக்கொள்ளும். ஓவனுக்கு எதிர்ச் சுவர், ஆசிட் வாடை வராத, வெளிக்காற்று கிடைக்கும் இடமாகப் பாருங்கள். நாலு பக்கமும் இரண்டடி விட்டு, ஆறு அங்குல மேடை கட்டி மேலே ஏற்றுங்கள்.

பைப் வேலையில் மூன்று பால் வால்வு வைத்து, டிரையரைச் சுற்றிப் போகும் ஒரு பைபாஸ் வழி கட்டாயம். டிரையர் பழுதானால், பவுடர் அடிப்பது தவிர மற்ற காற்று வேலைகளாவது நிற்காது. இன், அவுட் இரண்டிலும் கழற்றி மாட்டும் இணைப்பான யூனியன் போடுங்கள், ஒண்ணேகால் அங்குலம் ஜிஐ போதும். டிரையரின் நிப்பிளில் பைப்பின் பாரம் தொங்கக் கூடாது, சுவரில் கிளாம்ப் அடித்துத் தாங்க வேண்டும். பைப் போகும் திசையில் நூறு அடிக்கு ஒரு அடி சரிவு கொடுங்கள். கன்னுக்குப் போகும் கிளையை மெயின் பைப்பின் மேல் பக்கத்திலிருந்து எடுத்து வளைத்துக் கீழே இறக்குங்கள். அடியிலிருந்து எடுத்தால் பழைய லைனில் தங்கியிருக்கும் தண்ணீரும் துருவும் நேராகக் கன்னுக்குத்தான் வரும். போர்வெல்லுக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறது என்று பிவிசி பைப் போடுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. தயவுசெய்து போடாதீர்கள். தண்ணீர் ஓடும் பிவிசி வெடித்தால் தண்ணீர் பீய்ச்சும், அவ்வளவுதான். காற்று அடைத்த பிவிசி வெடித்தால் கண்ணாடித் துண்டு போலச் சிதறி ஆளைக் குத்தும். யூனியனில் ஸ்பேனர் வைப்பதற்கு முன்னால் டேங்க் பிரஷர் பூஜ்ஜியத்துக்கு இறங்கியதைக் கேஜில் கண்ணால் பாருங்கள். டேங்கில் வெல்டிங் வைக்க யாரையும் விடாதீர்கள்.

டிரையர் பிரித்த தண்ணீர் வெளியே போகாவிட்டால் அத்தனை வேலையும் பாழ். டேங்க், ஃபில்டர், டிரையர் மூன்றின் டிரெய்னையும் ஒரே குழாயில் கோர்க்காதீர்கள், ஒன்றின் பிரஷர் மற்றொன்றைத் திருப்பி அடிக்கும். தனித்தனியாகக் கொண்டுவந்து ஒரு திறந்த புனலில் விடுங்கள், விழுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். டைமர் டிரெய்ன் என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று நொடி என்று தொடங்கி, தண்ணீர் வருவதைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். வெறும் காற்று மட்டும் சீறினால் நேரம் அதிகம். கடைசி வரை தண்ணீரே வந்தால் போதவில்லை. வரும் தண்ணீரில் கம்ப்ரசர் எண்ணெய் கலந்திருக்கும், சாக்கடையிலோ மண்ணிலோ விட வேண்டாம். எண்ணெய் பிரிக்கும் செபரேட்டர் ஒன்று வைத்து, மேலே மிதப்பதைக் கேனில் பிடித்துக் கழிவு எண்ணெய் எடுக்கிறவரிடம் கொடுங்கள். நொய்யல் பட்டதெல்லாம் போதும்.

இப்போது கரண்ட். கம்ப்ரசர் பேனலிலிருந்து எடுக்க வேண்டாம் என்பதை எந்தச் சந்தேகமும் இல்லாமல் சொல்கிறேன். குறிச்சிப் பக்கம் ஒரு பட்டறையில் டிரையர் பத்து நிமிடம் ஓடி டிரிப் ஆகிறது என்று கூப்பிட்டார்கள். போய் நின்றதும் அங்கே வேலை செய்யும் பையன், "டேங்க் வால்வத் தொட்டா சுர்ருனு பிடிக்குதுங்கண்ணா" என்றான்.  பேனலைத் திறந்தால் உள்ளே மூன்று பேஸ்தான் வந்திருக்கிறது, நியூட்ரலே இல்லை. கம்ப்ரசர் மோட்டாருக்கு நியூட்ரல் தேவையில்லை என்பதால் யாரும் இழுக்கவில்லை. டிரையர் மாட்டியவர் ஒரு பேஸை எடுத்து, நியூட்ரலுக்குப் பதிலாக பேனல் பாடியில் இருந்த எர்த் போல்ட்டில் இன்னொரு ஒயரை முறுக்கியிருந்தார். எர்த் குழி காய்ந்து கிடந்தது. மல்டிமீட்டரில் பார்த்தால் டிரையருக்குக் கிடைத்தது 185 வோல்ட். மீதி 45 வோல்ட் கம்ப்ரசர் பாடி, டேங்க், பைப் எல்லாவற்றிலும் ஏறி நின்றது. ஈரத் தரையில் செருப்பில்லாமல் நிற்கிற பையன் அந்த டிரெய்ன் வால்வைத்தான் தினமும் திறந்துகொண்டிருந்தான். அன்றைக்கு அந்த ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தேன். "எங்க இழுத்தாலும் கரண்டு கரண்டுதானுங்களே" என்று சொல்லும் ஒயர்மேனிடம் இதைச் சொல்லுங்கள்.

பேனலில் இருக்கும் கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தும் எடுக்கக் கூடாது. கான்டாக்டர் காயிலுக்கும் லைட்டுக்கும் மட்டுமே அது செய்தது. டிரையருக்கு மெயின் டிபியிலிருந்து (கரண்ட் பிரிக்கும் பெட்டி) தனி எம்சிபி, அதாவது அதிகக் கரண்ட் போனால் விழும் சுவிட்ச், தனி மூன்று கோர் கேபிள். இந்த அளவு டிரையர் பெரும்பாலும் 230 வோல்ட் சிங்கிள் பேஸ்தான், ஒரு கிலோவாட்டுக்குள் எடுக்கும். ஆனால் உள்ளே இருப்பது ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர், கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு ஆம்பியர் இழுக்கும். அதனால் வீட்டு லைட்டுக்குப் போடும் பி வகை எம்சிபி வேண்டாம், சி வகை போடுங்கள். ஆம்பியர் அளவைப் பெயர்ப்பலகை பார்த்து முடிவு செய்யுங்கள். 2.5 சதுர மில்லி செம்புக் கேபிள் போட்டால் பட்டறைத் தூரத்துக்கு வோல்டேஜ் இறங்காது. கூடவே, கரண்ட் எர்த்துக்குக் கசிந்ததும் வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று. குறிச்சியில் அது இருந்திருந்தால், எர்த்தில் கரண்ட் போன முதல் நொடியிலேயே விழுந்திருக்கும். எர்த் ஒயர் டிரையர் பாடியிலிருந்து எர்த் பட்டைக்கு நேராகப் போக வேண்டும். மூன்று பேஸ் மோட்டாருக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. கம்ப்ரசருக்கு இரண்டு இருக்கிறதா என்பதையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். டிபியில் நியூட்ரல் திருகை ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள். நியூட்ரல் தளர்ந்தால் சிங்கிள் பேஸ் சாமான்களுக்கு 400 வோல்ட் வரைக்கும் ஏறும், டிரையர் போர்டு கருகிவிடும்.

கரண்ட் போய் உடனே வந்தால் டிரையர் அந்த நொடியே கிளம்பக் கூடாது. உள்ளே கேஸ் பிரஷர் சமமாக மூன்று நிமிடமாவது வேண்டும். பிரஷரோடு கிளம்ப முயன்றால் மோட்டார் முக்கி, ஓவர்லோடில் விழும், நாள்பட காயில் போகும். புதிய டிரையர்களில் இந்தத் தாமதம் போர்டிலேயே இருக்கும். ஆஃப் செய்து உடனே ஆன் செய்து பாருங்கள். உடனே உறுமினால், ஆன்-டிலே டைமரோடு வரும் வோல்டேஜ் ரிலே ஒன்றைச் சேருங்கள். 207 வோல்ட்டுக்குக் கீழேயும் 253க்கு மேலேயும் வெட்டும்படி வைக்கலாம்.

டிரையரைக் கம்ப்ரசரோடு இன்டர்லாக் செய்வதா என்பதில் இரண்டு கருத்து உண்டு. டிரையர் நின்றால் கம்ப்ரசரும் நிற்கட்டும் என்பது ஒன்று, விளக்கு எரிந்தால் போதும் என்பது மற்றது. ஏர்ஜெட் தறி ஓட்டுகிறவர் இரண்டாவதைத்தான் விரும்புவார், காற்று நின்றால் அவருக்கு மொத்தத் தறியும் நிற்கும். உங்கள் வேலையில் ஈரக் காற்றில் அடித்த பாகத்தை உரித்து மறுபடி அடிக்க வேண்டியிருப்பதால், நான் முதலாவதின் பக்கம். எப்படிச் செய்தாலும் டிரையரின் வெறும் கான்டாக்ட்டை, அதாவது தன்னில் கரண்ட் இல்லாமல் சுவிட்ச் மாதிரி திறந்து மூடும் முனையை மட்டும் சிக்னலாக எடுங்கள், கரண்ட்டை இங்குமங்கும் கலக்க வேண்டாம். காலையில் டிரையரைப் பதினைந்து நிமிடம் முன்னால் போட்டு, காற்றின் உலர்வைக் காட்டும் டியூ பாயிண்ட் மீட்டர் பச்சைக்கு வந்த பிறகு கம்ப்ரசரைத் தொடங்குங்கள். முதல் நாளில் பைபாஸைத் திறந்து வைத்தே பிரஷர் ஏற்றி, பிறகு இன்லெட் வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் ஒரு நாள் நிமிர்த்தி நிறுத்திவிட்டு ஆன் செய்யுங்கள், இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரின் எண்ணெய் குழாயில் நிற்கும்.

ஓட ஆரம்பித்ததும் அவுட்லெட் பைப்பைத் தொட்டுப் பார்த்து "குளிரவே இல்லையே" என்று போன் வரும். குளிர வேண்டியதில்லை. உள்ளே 3 டிகிரிக்கு இறங்கிய காற்று, வெளியேறும்போது உள்ளே வரும் சூட்டுக் காற்றோடு உரசி மறுபடி சூடேறித்தான் வருகிறது. பைப் வியர்க்காமல் இருப்பதற்கு அந்த ஏற்பாடு. கண்டென்சரை வாரம் ஒருமுறை ஏர் கன்னால் உள்ளிருந்து வெளியே ஊதுங்கள், டிரெய்ன் ஸ்ட்ரெய்னரை மாதம் ஒருமுறை கழுவுங்கள். கேஸ் குறைவு என்று தெரிந்தால் ஏசி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், அந்தப் பக்கம் நான் கை வைப்பதில்லை.

கொப்புளத்துக்குக் காரணம் தண்ணீர்தான் என்று இங்கிருந்து அடித்துச் சொல்ல முடியாது. கன்னைக் கழற்றி, ஹோஸ் முனையில் ஒரு கண்ணாடியை வைத்து அரை நிமிடம் காற்று விடுங்கள். துளி தெரிந்தால் தண்ணீர். விரலில் வழவழவென்று ஒட்டினால் கம்ப்ரசர் செபரேட்டரிலிருந்து எண்ணெய் வருகிறது, அதை டிரையர் தீர்க்காது. கண்ணாடி சுத்தமாக இருந்து, தகடு பாகங்கள் நன்றாகவும் பம்ப் பாடி மாதிரி காஸ்டிங் பாகங்கள் மட்டும் புள்ளியோடும் வந்தால், காஸ்டிங்குக்குள் அடைபட்ட வாயு ஓவன் சூட்டில் வெளியேறுகிறது. பவுடர் அடிப்பதற்கு முன்னால் வெறும் பாகத்தை ஒருமுறை ஓவனில் வைத்து எடுத்தால் அது பெரும்பாலும் குறையும். ஆடிக் காற்று கிளம்பிய பிறகுதான் வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் தண்ணீர் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

டிரையரைப் பொருத்திய பிறகு இரண்டு எண்களை அளந்து இதற்குக் கீழே எழுதுங்கள்: மதியம் இரண்டு மணிக்கு டிரையர் இன்லெட் பைப்பின் சூடு, கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும்போது டிரையர் டெர்மினலில் வோல்டேஜ். புத்தகத்தில் இருக்கும் அட்டவணையையும் சேர்த்துப் போட்டால், சித்திரைக்கு இந்த டிரையர் தாங்குமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.